லாபம், ரெண்டு, மூணு

திரையில் பொன்மணியின் அம்மா ரத்னாவுக்கு வந்த எண், மைனஸ் 125.

தி.நகரில் ஒரு மாடியில் இருந்த அந்தக் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு, அடையாற்றங்கரைக் குடிசைகளைப் பட்டியல் போடும் வேலை வந்திருந்தது. பட்டியலில் பேர் இருந்தால்தான் மாற்று வீடு. 127 வரை ஒழுங்கு. 128ஆவது குடிசை, மைனஸ் 128 ஆகிவிட்டது. அதற்கப்புறம் எல்லாமே மைனஸ். அச்சடிக்கும்போது மைனஸ் எண் விழுந்த பேரெல்லாம் விட்டுப்போயிற்று. எண்பத்தைந்து குடும்பங்கள்.

காரணம் அங்கே வேலை பார்க்கும் பொன்மணிக்குத் தெரியும். ஒரு எண்ணை எழுத மெஷினுக்குள் ஒதுக்கிய இடம் எட்டுக் கட்டம், ஒவ்வொன்றிலும் பூஜ்யமோ ஒன்றோ. முதல் கட்டம் பிளஸ்ஸா மைனஸா என்று சொல்வதற்கே போய்விடும். மிச்ச ஏழில் 127 வரைதான் கொள்ளும். ஒரு வரியை மாற்றினால் போதும். ஆனால் புரோகிராம் எழுதிய சுப்புராயன் போன மாதம் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஃபைலை ஒரு சாவிச்சொல்லால் பூட்டியிருந்தார். திறந்தால் வெறும் கிறுக்கல்.

"மைனஸ்னா இன்னாடி?" காலையில் அம்மா கேட்டாள். "இல்லாததுக்கும் கீழயா?"

பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பொன்மணி ஓடிவந்துவிட்டாள்.

"பட்டியல் வாங்க நாலு மணிக்கு சர்க்கார் ஆள் வந்துடுவான். இருக்கறதைக் குடுத்துடு" என்றார் முதலாளி கல்யாணராமன்.

"எண்பத்தஞ்சு குடும்பம் சார்."

"அவாளுக்கு ஆத்தங்கரை பழகிடுத்தும்மா. அப்புறம் பாத்துக்கலாம். செத்தவன் மெஷின்கிட்ட மட்டும் போகாதே."

சுப்புராயனின் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை. புரோகிராம் அவர் மெஷினில் இருந்ததால் அதை அணைப்பதும் இல்லை. கறுத்த திரைக்குப் பின்னால் விசிறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பொன்மணி தன் மெஷினிலிருந்து கம்பி வழியே அதற்கு ஒரு 'பிங்' அனுப்பினாள். இருக்கிறாயா என்று கேட்பது மாதிரி. சட்டென்று நாலு வரி பதில் வந்தது. எப்போதும் வருவதுதான். இன்று முதுகு சில்லிட்டது.

போய் உட்கார்ந்தாள். மெத்தையில் அவர் உட்கார்ந்த குழி அப்படியே இருந்தது. அவர் மனைவி பேரை அடித்தாள். தப்பு. ஸ்கூட்டர் நம்பர். தப்பு. எரிச்சலில், அச்சாகி நீளமாகத் தொங்கிய தாளை மடிப்பு மடிப்பாக வெடுக்கென்று கிழித்து எண்ண ஆரம்பித்தாள்.

"லாபம், ரெண்டு, மூணு..."

வாய் அப்படியே நின்றது. அவள் அப்படி எண்ணுகிறவளே இல்லை.

சுப்புராயன்தான் அப்படி எண்ணுவார். அவர் அப்பா அரிசி மண்டியில் படி அளந்தவர். முதல் படிக்கு ஒன்று என்று சொல்லமாட்டார்களாம், லாபம் என்பார்களாம். "கம்ப்யூட்டர்காரன் பூஜ்யத்துலேர்ந்து எண்ணுவான், நம்ம அண்ணன் லாபத்துலேர்ந்து" என்று அவளே கிண்டல் செய்திருக்கிறாள்.

மூன்று சொல்லையும் சேர்த்து ஆங்கில எழுத்தில் அடித்தாள். கிறுக்கல் கலைந்தது.

மாற்ற வேண்டிய வரிக்கு மேலே, மெஷின் படிக்காத, மனுஷர் படிக்கிற குறிப்பு ஒன்று இருந்தது. '127க்கு மேல உடையும். கல்யாணராமன் சார்கிட்ட சொன்னேன். குடிசைதானே, இது போதும்னார்.'

பொன்மணி வரியை மாற்றினாள். பட்டியல் ஒன்றிலிருந்து 212 வரை வந்தது. 131, ரத்னா. கடைசித் தாளில் அந்தக் குறிப்பையும் அச்சடித்து, நாலு மணிக்கு வந்த அதிகாரியின் கையில் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தாள்.

கடைசித் தாளை எட்டிப் பார்த்த கல்யாணராமனுக்கு முகம் வெளுத்தது. "சாவி யாரு குடுத்தா உனக்கு?"

"அவருதான் சார்" என்று காலி நாற்காலியைக் காட்டினாள். "வேணும்னா போய்க் கேளுங்க."

அவர் போகவில்லை.