மூன்று மணிக்குப் பன்னிரண்டு பேர்

…வீட்டுக்குள்ளிருந்து போனால் ஆட்டம் திறக்கிறது, வெளியிலிருந்து வந்தால் மட்டும் சாத்திக்கொள்கிறது, நேற்று வரை ஒழுங்காக இருந்த சனியன் இன்றைக்கென்று பார்த்தா இப்படிச் செய்ய வேண்டும், ஒரு வாரமாக ஒத்திகை பார்த்தாளே, ஒருநாள்கூட மக்கர் பண்ணவில்லையே… மணி இரண்டு இருபது. மூன்று மணிக்கு அந்த விளையாட்டு நிறுவனத்திலிருந்து பன்னிரண்டு பேர் வருவார்கள், அவளுடைய கணினியில் அவள் நடத்தும் ஆட்டத்துக்குள் நுழைவார்கள், ஒரு மணி நேரம் யாரும் இணைப்பு அறுந்து விழாமல் ஓட்டிக் காட்டினால் வேலை, காட்டாவிட்டால் மூன்று சுற்று நேர்காணலும் குப்பையில். வீட்டு இணைப்பிலேயே நடத்திக் காட்டுங்கள், சிக்கல் வந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பார்க்கத்தான் இது என்று அந்த ஒருங்கிணைப்பாளர் அம்மாள் பூப்போலச் சிரித்துக்கொண்டு சொன்னாள். அவளுக்கென்ன, அவள் வீட்டில் சிக்கல் வந்தால் ஆள் வந்து பார்ப்பான். காதில் மாட்டிய ஹெட்போனில் தோழி ஊசி மூச்சு விடுவது கேட்டது. கல்லூரியில் நூல் மாதிரி இருந்ததால் வந்த பெயர், இப்போது இரண்டு சுற்றுப் பெருத்தும் ஊசிதான். நகரத்தின் அந்தக் கோடியில் தன் வீட்டில் உட்கார்ந்து, வெளியாள் போல நுழைந்து பார்க்கிறாள். “இன்னும் வரலடி. சுத்திச் சுத்தி, பதிலே இல்லன்னு துப்புது.” “மறுபடி பாரு.” “பாத்துட்டேன், அஞ்சு வாட்டி. ஃபயர்வால் அணைச்சியா?” “அணைச்சேன்.” “நெட்டு குடுக்கிறவன் ஏதாவது மாத்தியிருப்பானோ?” அதையும் பார்த்தாயிற்று, ரவுட்டர் காட்டும் வெளிமுகவரியும் வெளியுலகம் காட்டும் முகவரியும் ஒன்றேதான், அவன்மேல் பழி போட வழியில்லை, போட முடிந்திருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருந்திருக்கும்.

கதவருகே அம்மா தண்ணீரோடு நின்றாள். இன்று அவளுக்கு விடுப்பு, மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஆறு மாதத்துக்குப் பிறகு கேட்டு வாங்கிய விடுப்பு, எதற்கு என்று இவள் கேட்கவில்லை. “ஒயரு லூஸா இருக்கான்னு பாத்தியா?” “அம்மா, தெரியாததுல தலையிடாத. கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் இரு.” சொன்ன வேகத்தில் தனக்கே சுருக்கென்றது, அதற்குள் அம்மா போய்விட்டாள், தம்ளர் மட்டும் மேசை ஓரத்தில் இருந்தது. வாரம் முழுக்க ஒயரெல்லாம் சரியாகத்தானே இருந்தது. இத்தனைக்கும் இந்த வீட்டில் ரவுட்டர் தினம் செத்துப் பிழைக்கிறது, சலவைக்கூடத்தில் என்றோ ஒரு உலர்த்தி தீப்பிடித்ததிலிருந்து கடைசியில் கிளம்புகிறவர் எல்லா ஸ்விட்சையும் சுவரிலேயே அணைக்க வேண்டும் என்று சட்டம், அம்மா அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்து ராத்திரி படுக்குமுன் ஒன்று விடாமல் அணைப்பாள், விடியுமுன் வேலைக்குப் போய்விடுவாள், பிறகு எழுந்து ரவுட்டரைப் போடுவது இவள், கூடவே கணினியையும். எத்தனையோ சண்டை போட்டும் மாறவில்லை. அப்பா கிடங்கில் பாரவண்டி ஓட்டுகிறவர், அவர் எந்தப் பக்கமும் பேசமாட்டார், “படிச்சவ நீ, நீயே அவளுக்கு எடுத்துச் சொல்லு” என்று நழுவிவிடுவார். படிச்சவ, படிச்சவ… குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவளுக்கு ரவுட்டர், வங்கிப் படிவம், மிக்ஸி ரிப்பேர் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒருங்கிணைப்பாளர்கூட இரண்டாவது சுற்றில் கேட்டாள், வீட்டில் யாராவது படித்த வேலையில் இருக்கிறார்களா என்று. அம்மா ஹாஸ்பிடல்ல இருக்காங்க என்றாள் இவள். ஓ, டாக்டரா? ஹாஸ்பிடல்லதான். அவ்வளவுதான் சொன்னாள். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை, இவளும் திருத்தவில்லை, அதில் பொய் எங்கே இருக்கிறது?

இரண்டு முப்பத்தெட்டு. “ஏய், உயிரோட இருக்கியா?” என்றாள் ஊசி. “இரு, யோசிக்கிறேன்.” வெளியிலிருந்து வருகிறவர்களை எங்கே அனுப்ப வேண்டும் என்று ரவுட்டரில் ஒரு விதி எழுதிவைத்தாள் அல்லவா, இந்தப் போர்ட்டில், இந்த வாசலில், யார் தட்டினாலும் இரண்டாம் எண் கருவிக்கு அனுப்பு என்று, இரண்டாம் எண் இவள் கணினி, ஏனென்றால் ரவுட்டர் உயிர்பெற்றதும் ஒன்றைத் தனக்கு வைத்துக்கொண்டு முதலில் வருகிறவருக்கு இரண்டு, அடுத்தவருக்கு மூன்று, ரேஷன் வரிசை மாதிரி, தினமும் முதலில் வருவது இவள்தானே… தானே? கருவிகளின் பட்டியலைத் திறந்தாள். அவள் கணினி மூன்று. பழைய மடிக்கணினி நான்கு. இரண்டில் எவனோ உட்கார்ந்திருக்கிறான், பெயர்கூட இல்லை, எழுத்தும் எண்ணுமாக ஒரு நீளவால், வாழ்க்கையில் அவள் பார்த்தே இராத கருவி. ஆக முக்கால் மணி நேரமாக ஊசி போய்த் தட்டிக்கொண்டிருந்தது எவனோ ஒருவனுடைய கதவை.

மாடிவீட்டுக்காரன். வேறு யார்? போன மாதம் பாஸ்வேர்ட் கேட்டு வந்து பல்லிளித்தானே, கொடுக்கவில்லை என்றதும், “பொண்ணு வீட்ல ஒக்காந்து கேம் ஆடவா இவ்ளோ படிக்க வச்சீங்க?” என்று அப்பாவிடம் படிக்கட்டில் நின்று கேட்டானே, அப்பாவும் அசட்டுத்தனமாகச் சிரித்துவைத்தாரே… பாஸ்வேர்ட் ரவுட்டரின் அடியிலேயே ஒட்டியிருக்கிறது, மீட்டர் பார்க்கிற சாக்கில் வந்து பார்த்திருப்பான், ஓசியில் படம் பார்க்க இவள் வேலையில் மண்ணள்ளிப் போடுகிறான். “திருட்டு நாயி” என்றாள் வாய்விட்டே. “யாருடி? நானா?” “நீ இல்ல. சும்மா இரு.” அந்த வாலைத் தேர்ந்தெடுத்தாள், தடை செய் என்பதை அழுத்தினாள், அழுத்தும்போது விரலில் ஒரு சுகம் இருந்தது, இரண்டாம் எண்ணை இனி எவனுக்கும் தராதே, என் கணினிக்கே என்று எழுதிச் சேமித்தாள். இந்த மட்டமான ரவுட்டர் எதைச் சேமித்தாலும் ஒருமுறை செத்துத்தான் எழும், மூன்று நிமிஷம், பச்சை விளக்கு போய் ஆரஞ்சு, ஆரஞ்சு போய் ஒன்றுமில்லை, நகத்தைக் கடித்தாள், மறுபடி ஆரஞ்சு, வா, வந்து தொலை, பச்சை. இரண்டு ஐம்பத்தொன்று. “உள்ள வந்துட்டேன்டி” என்றாள் ஊசி. “பின்ன? இப்ப வெளிய போ, எடத்த அடைக்காத.”

வந்தார்கள். நான்கு, ஏழு, பதினொன்று, பன்னிரண்டு. கேமராவில் ஒருங்கிணைப்பாளர் கட்டை விரலை உயர்த்தினாள், இவளும் உயர்த்தினாள், ஆட்டம் ஓடியது, ஒருவரும் அறுந்து விழவில்லை, முதுகுப் பக்கம் வியர்வை ஆறுவது நன்றாக இருந்தது. மூன்று ஏழுக்குக் கதவருகே அசைவு. அம்மா, கையில் போனோடு, குரலைத் தாழ்த்தி. “நெட்டு நின்னுபோச்சு போல. காலைல நல்லா வந்துச்சு, இப்ப சுத்திக்கிட்டே கெடக்கு. உனக்கு வருதா?” இவள் தன் மைக்கை அணைத்தாள். “காலைலயா?” “நீ வேடிக்கை பாக்கலாம்னு லிங்க் அனுப்பினேல்ல. அதான், எந்திரிச்சதும் நானே டப்பாவப் போட்டு, அடியில ஒட்டியிருந்த எழுத்தப் பாத்துப் பாத்து அடிச்சேன். நாலு தடவ தப்பு. அப்புறம் வந்துருச்சு.” கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது அந்தக் குரல். “எனக்கு வருதும்மா.” “அப்ப சரி. உனக்கு வந்தா போதும்.”

எடுத்துவிடலாம், ஒரு அழுத்து, அம்மா போனுக்குப் போட்ட தடையை நீக்கு, சேமி… சேமித்தால் ரவுட்டர் சாகும், பன்னிரண்டு பேரும் விழுவார்கள். முடியாது. இன்னும் ஐம்பத்துமூன்று நிமிஷம். அதனாலென்ன, போன் எதற்கு, பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டால் அம்மா இந்தப் பெரிய திரையிலேயே பார்க்கலாமே, வா உட்காரு என்றால் முடிந்தது, அதைச் சொல்ல என்ன, ஏன் நாக்கு எழவில்லை… அம்மா போகவில்லை, அங்கிருந்தே திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், நிலைப்படியிலிருந்து ஒரு அடி தள்ளி, சுவரை ஒட்டி. இவள் கேமராப் படத்தைப் பார்த்தாள். அதில் இவளும் வெள்ளைச் சுவரும்தான். அம்மாவின் முழங்கைகூட இல்லை. காலையில் கேமராவைத் திருப்பி வைக்கும்போது, “அம்மா, கதவுகிட்ட நில்லு, லைட்டு எப்படி விழுதுன்னு பாக்கறேன்… இன்னும் தள்ளி, இன்னும் கொஞ்சம், ஆங், அங்கதான்” என்று சொன்னது இவள். லைட்டுக்காகத்தான். லைட்டுக்காகத்தானே? அம்மா இப்போது நிற்பது அதே இடம், ஒரு விரற்கடைகூட இந்தப் பக்கம் வராமல்.