படித்துக் காட்டப்பட்டது

பேனாவைத் திறந்து பிடித்திருக்கிறேன், தட்டச்சுப் பெண்ணின் விரல் மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரியைத் தொட்டு நிற்கிறது, இங்க போடுங்க சார் என்கிறாள், அந்த வரியைப் பார்க்காமலே சொல்வேன், படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்கிறேன், இருபத்தொன்பது வருடம் அவள் இப்போது உட்கார்ந்திருக்கும் அதே மூலையில் உட்கார்ந்து எத்தனை ஆயிரம் சாட்சியத்தின் அடியில் அதை அடித்திருப்பேன், ஓய்வு பெற்றபின் இன்றுதான் முதல்முறையாகக் கூண்டுக்குள் நிற்கிறேன், பக்கத்து வீட்டுத் தொம்மையை வேன் அடித்துத் தள்ளியதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான், அவன் குறுக்கே பாய்ந்தான் என்கிறது ஓட்டுநர் தரப்பு, இல்லை, ஓரமாக நின்றான் என்று சொல்லிவிட்டேன், சொன்னது தாளில் ஏறியதா என்று தெரியாது, யாரும் வாசிக்கவில்லை, கடைசிப் பெஞ்சில் அவன் மனைவி பவுலின் இருக்கிறாள், செத்தவன் மேல் பழி விழுவதும் விழாததும் இந்த மூன்று பக்கத்தில் இருக்கிறது, நிமிர்ந்து பார்க்கிறேன், மேடையில் இருக்கும் இளம் நீதிபதியின் முகம் என் கண்ணுக்கு மெல்லக் கலங்குகிறது, அங்கே அந்தக் காலத்து நீதிபதி பிலோமினா மச்சாது அம்மா உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னையே பார்க்கிறார்.

எங்கள் கடற்கரையிலிருந்து நீதிபதியான முதல் பெண், மீன்கூடை சுமந்தவளின் மகள், அவர் பதவியேற்ற வாரம் வக்கீல்கள் அறையில் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள், என்னவே, பெஞ்சுல கருவாட்டு வாடை அடிக்கில்லா என்கிறார் ஒரு மூத்த வக்கீல், நானும் சிரித்தேன், அதை மறைத்துவிட்டு மீதியைச் சொல்வதில் அர்த்தமில்லை, அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது, மறுநாள் அதே வக்கீல் எழுந்து வாய்தா கேட்டபோது, தள்ளிப்போட்டா கேஸ் கெட்டுப்போயிரும் சார், கருவாடுதான் கெடாது, இன்னைக்கே நடத்துங்க என்றார், முகத்தில் ஒரு கோடுகூட அசையவில்லை.

பிறகு உப்பளத்துப் பேச்சிக்கனி வருகிறாள், கங்காணி அடித்த வழக்கு, அவள் சொல்லச் சொல்ல அடித்தேன், கடைசி வரியையும் சேர்த்து அடித்தேன், தாளை உருவி அவள் பெருவிரலை மைப்பெட்டிப் பக்கம் இழுத்தேன், படிச்சீங்களா என்றார் அம்மா, எனக்குப் புரியவில்லை, படித்துக் காட்டப்பட்டதுன்னு அடிச்சிருக்கீங்களே, படிச்சீங்களா, பிடித்திருந்த பெருவிரலை விட்டேன், அந்தக் கேள்விக்குள்தான் இத்தனை வருடமும் குடியிருக்கிறேன் என்று தோன்றும், பிறகு அவர் குரலை உயர்த்தாமல் சொன்னார், சத்தியம் பண்ணி ஏறுனவங்க அவங்க, முதப் பொய் நம்ம பக்கத்திலிருந்து வரலாமா, வாசிங்க. வாசித்தேன், பதினோரு நிமிடம், பேச்சிக்கனி மூன்று இடத்தில் மறித்தாள், ஏ ஐயா, கம்பால அடிச்சாம்னுல்லா சொன்னேன், கையாலன்னு போட்டிருக்கீரே, காது கேக்காதா உமக்கு, கோர்ட்டே சிரித்தது, அம்மா பள்ளிக்கூடம் நடத்துதாங்க என்று மூத்த வக்கீல் முனகினார், ஆமா சார், முதப் பாடம் நம்ம எல்லாருக்கும் சேர்த்துதான் என்றார் அம்மா, கம்பு தாளில் ஏறியது, கங்காணி உள்ளே போனான்.

அதன்பிறகு ஒவ்வொரு சாட்சியத்தையும் வாசித்தேன், வழக்குகள் தேங்குகின்றன என்று மேலே புகார் போனது, அம்மா மதியச் சாப்பாட்டு நேரத்தைக் குறைத்துக்கொண்டார், வாசிப்பதைக் குறைக்கவில்லை, ஏன் இத்தனை பிடிவாதம் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை, மூன்றே வருடம் இருந்தார், மாற்றலாகிப் போனார், அதற்குள் மீன்காரப் பெண்கள் கூடைகளை வெளிவாசலில் இறக்கிவிட்டு வந்து உட்காரப் பழகியிருந்தார்கள், தங்களில் ஒருத்தி சொன்னதைச் சர்க்கார் ஆள் திரும்ப அவளுக்கே வாசித்துக் காட்டுவதைக் கேட்க, கேட்டதை அவர்கள் ஊருக்குள் எடுத்துப் போனார்கள், பாங்கில், ஆஸ்பத்திரியில், போலீஸ் ஸ்டேஷனில், எங்கே தாளை நீட்டினாலும் வாசியும்யா என்றார்கள், பத்திர ஆபீஸ் எழுத்தர் ஒருமுறை என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார், உங்க கடக்கரைக்காரிய கையெழுத்துப் போடுததுக்குள்ள எனக்கு ரிட்டையர்மென்டே வந்துரும்வே, எனக்குச் சிரிப்பும் வந்தது, நெஞ்சு நிமிரவும் செய்தது, போன மழைக்காலத்தில் அம்மா இறந்தார், கோயில் மண்டபத்தில் இரங்கல் தீர்மானம் எழுதினார்கள், அதையும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகுதான் பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

இத்தனையும் தெரிந்தவன் நான், இருந்தும் கை தாளை நோக்கி இறங்குகிறது, மணி ஒன்றே கால், நீதிபதி கடிகாரத்தைப் பார்க்கிறார், இந்தத் தட்டச்சுப் பெண்ணுக்கு இன்னும் ஐந்து சாட்சி பாக்கி, அவள் முதுகுவலி எனக்குத் தெரியும், நம் ஆபீஸ் பிள்ளையைச் சபையில் நிறுத்திக் கேட்பதா என்று ஒரு கூச்சம், பேனாமுனை தாளைத் தொட்டுவிட்டது, அப்போது பின்னாலிருந்து குரல் வருகிறது, அண்ணாச்சி, வாசிக்காமப் போடாதீங்க. பவுலின் எழுந்து நிற்கிறாள், உக்காரும்மா, சத்தம் போடக்கூடாது என்று டவாலி ஓடுகிறார், யாரும்மா நீங்க என்கிறார் நீதிபதி, செத்தவரு பெஞ்சாதி சார், எங்க ஊர்ல வாசிக்காமக் கையெழுத்துப் போட மாட்டோம். நீதிபதி கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கிறார், வாசிங்கம்மா என்கிறார்.

தட்டச்சுப் பெண் வாசிக்கிறாள், அன்றைய என் குரலைப் போலவே முதலில் தடுமாறி, பிறகு தெளிந்து, முதல் பக்கம் சரி, இரண்டாம் பக்கத்தில் வேன் வருகிறது, தொம்மை விழுகிறான், அதற்கு முன்னால் அவன் எங்கே நின்றான் என்பது இல்லை, நிறுத்தும்மா, ஒரு வரி விட்டுப்போச்சு என்கிறேன், அவள் முகம் சிவக்கிறது, திரும்பச் சொல்லுங்க என்கிறார் நீதிபதி, அவள் விரல் அந்தக் கடைசி வரியை விட்டு எழுந்து விசைகளின் மேல் காத்திருக்கிறது, நான் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, கடைசிப் பெஞ்சுவரை கேட்கும்படி சொல்கிறேன், தொம்மை ஓரமாகத்தான் நின்றான்.