வெள்ளைத்துரையின் டைரக்டரி

பழங்காநத்தத்தில் இருந்த அந்த நூல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்கான புரோகிராம்களை எல்லாம் எழுதியவர் வெள்ளைத்துரை. எதில் கை வைத்தாலும் மொத்தத்தையும் மறுபடி கம்பைல் செய்து, அதாவது மிஷினுக்குப் புரியும்படி மாற்றி, ஓட வைக்கக் கட்டளைகளை வரிசையாக எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் உண்டு. அதில் வரிக்கு வரி, கம்ப்யூட்டரில் அவருக்கென்று ஒதுக்கியிருந்த இடமான அவருடைய சொந்த டைரக்டரியின் பாதைதான் இருந்தது. ஒரு எழுத்தைத் திருத்தினாலும் அவர் இடத்துக்குள் போய்த்தான் கம்பைல் செய்ய வேண்டும். அவரோ லேசில் விடமாட்டார்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த முத்துத்தாய் அவர் அனுமதிக்காகக் காத்துக் காத்துச் சலித்துப்போனாள். அவர் லீவில் போன அன்று அந்தப் பாதைகளை எல்லாம் எடுத்துவிட்டு ‘வொர்க்’ என்று ஒரே பெயரைப் போட்டாள். அவரவர் இடம் எதுவென்று ஆரம்பத்தில் ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும், மிச்சத்தை ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். தன் டைரக்டரியில் ஓட்டிப் பார்த்தாள். ஓடியது.

திரும்பி வந்த வெள்ளைத்துரைக்கு முகம் கறுத்துவிட்டது.

“உன்னைய யாரு கேட்டா? பழையபடி மாத்தி வை.”

“மாத்த மாட்டேன் சார். இது மில்லோட புரோகிராம். உங்க வாசல்ல நின்னு கேட்டுட்டு உள்ள வர, இது உங்க வீடு இல்ல.”

விஷயம் மேனேஜரிடம் போனது. மன்னிப்பு எழுதிக் கொடுக்கச் சொன்னார். முடியாது என்றாள். திருமங்கலத்துக்கு அப்பால் இருந்த புது யூனிட்டுக்குத் தூக்கியடித்தார்கள்.

சொந்த ஊரான கொட்டாம்பட்டியில் அவள் அப்பா சின்னான் பயந்துபோனார். இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் என்ன என்று கெஞ்சினார்.

“நீயும் தாத்தாவும் கைகட்டி நின்னது போதும்ப்பா” என்றாள் முத்துத்தாய்.

புது யூனிட்டின் மிஷினில், பாதையின் தொடக்கத்தில் வரும் டிஸ்கின் பெயரே வேறு. வெள்ளைத்துரை அனுப்பிய பழைய ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அவள் தன் ஸ்கிரிப்டை ஏற்றி, ‘வொர்க்’ எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொன்னாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் ஓடின.

மேனேஜர் போன் செய்தார். பழங்காநத்தத்துக்கும் புது மிஷின் வருகிறதாம்; நடந்ததை மறந்துவிட்டு, வெள்ளைத்துரைக்கு உதவியாகத் திரும்பி வரச் சொன்னார்.

“ஸ்கிரிப்ட அனுப்புறேன் சார், யாரு வேணும்னாலும் ஓட்டலாம். அவருக்குக் கீழ நான் வரல” என்று போனை வைத்தாள்.

சொன்னபடி அனுப்பினாள். வெள்ளைத்துரை அதைத்தான் ஓட்டினார். அவளோடு பேசவே இல்லை. முத்துத்தாய் அந்த யூனிட்டிலேயே இருந்துகொண்டாள்.