இல்லாத நாளில் கிளம்பிய கப்பல்

எங்கள் நாளிதழின் நான்காம் பக்கத்தில் வரும் 'இதே நாளில்' பத்தியைப் பன்னிரண்டு வருடங்களாக நான்தான் எழுதுகிறேன். உள்ளங்கை அகல இடம். பழைய நிகழ்ச்சி ஒன்று, அதன் வாலில் என் கிண்டல் ஒன்று. பெயர் போடும் வழக்கம் இல்லை. வாசகர் கடிதங்கள் எல்லாம் 'மதிப்பிற்குரிய ஐயா' என்றுதான் தொடங்கும்.

செப்டம்பர் ஏழாம் தேதிக்கு ஒரு கப்பலை எழுதினேன். 1752இல் அதே நாளில், தன் கேப்டனைக் கரையிலேயே மறந்துவிட்டு இங்கிலாந்திலிருந்து கிளம்பிய கப்பல். பத்தி வந்த அன்று காலை, மெய்ப்புப் பார்க்கும் அக்கா என் மேஜைக்கே வந்துவிட்டாள்.

"கணக்கு வாத்தியார் போன் பண்ணினார்டி. அந்த வருஷம் அங்க செப்டம்பர் ஏழே கிடையாதாம்."

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் எங்கள் தீராத வாசகர். காலண்டரை மாற்றியபோது அந்த நாட்டில் பதினோரு நாட்களைத் தூக்கிவிட்டார்கள்; இரண்டாம் தேதி படுத்தவர்கள் பதினான்காம் தேதி எழுந்தார்கள். இது எனக்குத் தெரியும். பிறகு ஏன் சரிபார்க்கவில்லை? கரையில் நின்று கைகாட்டும் அந்தக் கேப்டனை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. பிடித்ததை நான் சந்தேகப்படுவதில்லை.

ஆசிரியர் கூப்பிட்டார்.

"ஏம்மா, மெத்தைக் கடைக்காரர் அந்த இடத்தை ரெண்டு மாசமா விளம்பரத்துக்குக் கேக்கறார். நாளைக்கு 'வருந்துகிறோம்'னு ஒரு வரி போட்டு, பத்தியை முடிச்சுக்கலாமா?"

"எத்தனை பேர் சார் வருந்தறீங்க? தப்பு பண்ணினது நான் ஒருத்திதானே. நானே எழுதறேன். படிச்சுட்டு மெத்தைக்காரரைக் கூப்பிடுங்க."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. நாலு மணிக்குள்ள குடு."

கொடுத்தேன்:

'இதே நாளில், 1752: இங்கிலாந்தில் எதுவுமே நடக்கவில்லை. யாரும் பிறக்கவில்லை, எந்த மருமகளும் மாமியாரோடு சண்டை போடவில்லை. செப்டம்பர் மூன்று முதல் பதின்மூன்று வரை அங்கே நாளே இல்லை. நேற்று இந்தப் பத்தி அப்படி ஒரு நாளில் கப்பல் விட்டது. சரிபார்க்காமல் விட்டவள்:'

கீழே என் முழுப்பெயர்.

"பேர்ல பிழை இல்லடி, ரெண்டு தடவை பாத்துட்டேன்" என்றாள் அக்கா, கண்ணைத் துடைத்துச் சிரித்தபடி.

மறுநாள் வாத்தியாரின் போன் எனக்கே வந்தது.

"ஐயா இல்லையா, அம்மாவா! முப்பத்தெட்டு வருஷம் பாடம் எடுத்தேன்மா. போர்டுல தப்பாப் போட்டா சத்தமில்லாம அழிச்சிடுவேன். ஒருநாளும் பிள்ளைங்ககிட்ட ஒத்துக்கிட்டதில்ல."

போனை வைத்தபோது ஆசிரியர் பக்கத்தில் நின்றிருந்தார்.

"மெத்தையை ஏழாம் பக்கத்துக்குத் தள்ளிட்டேன். இனிமே தினமும் பேர் போடு. தப்பு வந்தா யாரைத் திட்டறதுன்னு தெரியணுமில்ல?"

"திட்டட்டும் சார்."

பன்னிரண்டு வருடங்கள் சரியாக எழுதியும் இப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. வெட்கப்படாமல் அதை அனுபவித்தேன். ஒன்பதாம் தேதிக்கான தாளில் முதலில் என் பெயரை எழுதினேன். அப்புறம் மூன்று புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு, அந்த நாளில் என்ன நடந்தது என்று தேடத் தொடங்கினேன்.