வெர்டெல் கட்டிய பாட்டு

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால், அது யாருடையது என்று மைக்கில் சொல்லிவிட்டுத்தான் ஹோலிஸ் கிதாரைத் தொடுவான். மெம்ஃபிஸில் அவன் வயதுக்காரர்களுக்கு அதுதான் வழக்கம். அடுத்தவன் பாட்டைப் பாடுவதில் தப்பில்லை, பெயரை விழுங்குவதுதான் தப்பு. இன்று ஸ்டுடியோவில் பதிவாகும் இந்த ஆல்பத்தில் ஒன்றைத் தவிர எல்லாமே பிறர் பாட்டுகள். காலையிலிருந்து செத்துப்போனவர்களின் பெயர்களை வாய்நிறையச் சொன்னான். மிஞ்சிய அந்த ஒன்று அவனுடையது என்று ஊரே நம்பியிருந்தது.

அந்தப் பாட்டின் முறை வரும் நேரம் பார்த்தா வெர்டெல் வர வேண்டும்? அவனுக்கு பேஸ் கிதார் வாசிக்கும் தன் தம்பி லாமருக்குப் பொரித்த கெளுத்தி மீன் கொண்டுவந்தவள், ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அப்பால் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு காலத்தில் ஹோலிஸின் மனைவி. அவன் இன்னொருத்தியோடு சிகாகோவுக்குப் போன வாரம், துணி தேய்த்துக்கொண்டே அந்தப் பாட்டைக் கட்டியது அவள்தான். பிறகு லாமரிடம் கேட்டு அவன் கற்றுக்கொண்டான். பெண் பாட்டை ஆண் பாடினால் ஆளை மாற்றிப் போடுவது எல்லோரும் செய்வதுதான். அவனும் மாற்றினான். வீட்டை விட்டுப் போனது அவள் என்றாயிற்று. பாட்டு நன்றாக ஓடியது. சர்ச்சில்கூட அவள் முதுகுக்குப் பின்னால் ஓடுகாலி என்றார்கள். அது அவன் காதுக்கும் வந்தது. வந்தும் பாடினான்.

இடைவேளையில் அவளிடம் போய், ஆல்பத்தில் பெயர் போட்டுவிடுகிறேன் என்று தரையைப் பார்த்தபடி சொன்னான்.

"பேரு யாருக்கு வேணும்?" என்றாள். ஒரு துண்டு மீனை அவன் பக்கம் தள்ளினாள். "முப்பது வருஷமா உன் பாட்டுல நான் வீட்டை விட்டு ஓடிக்கிட்டே இருக்கேன், ஹோலிஸ். காலு வலிக்குது. போனது யாருன்னு ஒரு தடவை சரியாப் பாடு."

மீனை அப்படியே வைத்துவிட்டான். அவ்வளவு வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து, "இது வெர்டெல் பாட்டு" என்றான் மைக்கில். இத்தனை வருடம் இதைப் பற்றி வாயே திறக்காத லாமர் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆரம்பி, மச்சான்."

முன்னிசை ஒரு சுற்று முடிந்தது. ஹோலிஸ் பாடவில்லை. லாமர் நிறுத்தாமல் இரண்டாவது சுற்றுக்குக் கொண்டுபோனான். ஹோலிஸின் நாக்குக்குப் பழைய வரிகள்தான் பழக்கம். திறந்தால் எது வந்து விழுமோ என்று பயந்தான். மூன்றாவது சுற்று தொடங்கியது. மைக்குக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனான். கண்ணாடிக்கு அப்பால் வெர்டெல் குனிந்து, ஒரு ஷூவை மட்டும் கழற்றி ஓரமாக வைத்தாள்.