மல்கியேலின் ஐந்தாம் வருடத் திராட்சை

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எழுதப்போவது ஒரு போரைப் பற்றி. அந்தப் போருக்கு நான் போகவில்லை.

நாற்பது வருடமாகப் போனதாகத்தான் சொல்லிவருகிறேன். சென்ற பண்டிகையில் சொன்னபோது எங்கள் எதிரிகளான அம்மோனியரில் பதினேழு பேரை ஒரே கவண்கல்லால் வீழ்த்தியிருந்தேன். மூப்பர்களுக்கு அது பிடித்துப்போயிற்று. "ஏ சக்கூர், ஊர்ல எழுத்து தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். நியாயாதிபதி மல்கியேலோட கதைய எழுதிரு. அடுத்த பண்டிகைக்கு வாசிக்கணும்" என்று ஓர் ஆட்டுத்தோலைக் கையில் திணித்துவிட்டார்கள். வாயால் விட்டது காற்றோடு போகும். தோலில் எழுதியது அப்படிப் போகாதே! பயந்துபோய் உண்மையை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

(தோல் ஒன்றுதான். ஆகவே அடித்த வரிகளையும் நீங்கள் பார்க்கத்தான் வேண்டும். ஈரத்துணியால் துடைக்கலாம். ஆனால் ஆடு என்னைவிடக் கிழடு போல. துடைத்த இடத்தில் ஓட்டை விழுகிறது.)

2

முதல் தொடக்கம்: "மல்கியேல் கொடிகளைக் கவாத்து செய்துகொண்டிருந்தபோது கர்த்தருடைய தூதன் வந்து—"

அதோடு நின்றது. பக்கத்து வீட்டில் இருக்கும் நாராளிடம், மல்கியேலின் மனைவிதான், வாசித்துக் காட்டினேன்.

"தூதன் வந்தானா? என்னைக்கு?"

"நியாயாதிபதின்னா ஒரு தூதன் வரணும் அண்ணி. அது ஒரு முறை."

"வந்திருந்தா அப்பம் சுட்டவ நானாத்தானே இருக்கணும்? எனக்குத் தெரியாம எவன் வந்து எதத் தின்னுட்டுப் போனான்? அடி அத."

அடித்தேன்.

இரண்டாம் தொடக்கம்: "மல்கியேல் அச்சம் என்பதையே அறியாத—"

இதற்கு அவள் சிரித்த சிரிப்பில் கோழிகள் கலைந்தன. "அவரா? மேல வெட்டுக்கிளி விழுந்தா ஊரக் கூட்டுவாரே!"

சரி. மிஞ்சிய உண்மை இவ்வளவுதான். அவர் திராட்சைத் தோட்டக்காரர். கிணற்றுக்காக இரண்டு பேர் அடித்துக்கொண்டால், இருவரும் கத்திக் களைக்கும் வரை கேட்பார். பிறகு தீர்ப்புச் சொல்வார். அது பிசகியதாக ஒருவரும் சொன்னதில்லை. விடிந்ததும் கர்த்தரிடம் ஜெபம் பண்ணுவார். பதில் குரல் ஒருநாளும் வந்ததில்லை. கேட்டால், "எங்கப்பாவும்தான் பேச மாட்டாரு. எங்கள வளர்க்கலையா?" என்பார்.

3

அம்மோனியர் யாப்போக்கு ஆற்றுத் துறையைக் கடந்து வந்துவிட்டார்கள். இரண்டு வருடம் கோதுமையோடு போனவர்கள், அந்த வருடம் அடுத்த ஊரில் பெண்களையும் பிடித்துப்போனார்கள். இனி எங்கள் ஊர்தான். நியாயாதிபதிதான் படைக்கும் தலைவர்; மல்கியேல் கொம்பூதினார். ஊருக்குக் கீழ்ச்சரிவில் ஐயாயிரம் பேர் கூடினார்கள்.

[நாராள்: "ஐநூறு."]

[ஐநூறு.]

படை கிளம்பும் முன் எங்களிடம் ஒரு முறை உண்டு. அறிவிப்புக்காரன் பாறை மேல் ஏறிக் கூவ வேண்டும். அன்று கூவியவன் கெமுவேல். "புது வீடு கட்டிப் பிரதிஷ்டை பண்ணாதவன் வீட்டுக்குப் போகட்டும்!"

நான் வீட்டுக்கு நடந்தேன். என் வீட்டுக்குச் சுவர் மூன்றுதான் எழும்பியிருந்தது. ஆனால் கதவு தயார். பிறகு அங்கே நடந்தது போருக்குப் போனவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"பெண் பேசிவிட்டு இன்னும் கட்டாதவன் போகட்டும்!" நாற்பது பேர் போனார்கள். அதில் பாதிப் பெண்களுக்குச் செய்தி இன்னும் எட்டியிருக்கவில்லை.

"திராட்சைத்தோட்டம் போட்டு அதன் பழத்தை இன்னும் தின்னாதவன் போகட்டும்!"

மல்கியேல் கையைத் தூக்கினார்.

"அண்ணே, நீங்க கையத் தூக்கக் கூடாது" என்றான் கெமுவேல்.

"ஏன்டா?"

"நீங்கதானே எங்களக் கூட்டிட்டுப் போகணும்!"

"'தலைவனத் தவிர'ன்னு ஏதாச்சும் சொன்னியா நீ? நானும் காதக் குடுத்துத்தான் கேட்டேன்."

முதல் மூன்று வருடப் பழத்தை நாங்கள் தொட மாட்டோம். நாலாம் வருடத்தது கர்த்தருக்கு. ஐந்தாம் வருடம்தான் நட்டவன் வாய்க்கு. அவர் தோட்டத்துக்கு அது ஐந்தாம் வருடம். கொடியில் தொங்கியதோ பச்சைக்காய்.

4

"ஒரு காயத் தின்னுட்டு வந்துருங்க" என்றார் ஒரு மூப்பர்.

"காய் எப்படிய்யா பழமாகும்?" என்றார் இன்னொருவர்.

தூரத்தில் அம்மோனியரின் அடுப்புப்புகை தெரிய, இவர்கள் வாதாடினார்கள். கடைசியில், இனித்தால் பழம், புளித்தால் காய் என்று முடிவாயிற்று. இனிக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது யார்? ஊரில் தீர்ப்பு என்றால் மல்கியேல்தான்.

(இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். அவர் கை தூக்கியது சட்டத்துக்குப் பயந்தா, அம்மோனியருக்குப் பயந்தா? கெமுவேல் கூவ இன்னும் ஒன்று பாக்கியிருந்தது: "பயப்படுகிறவன் வீட்டுக்குப் போகட்டும்." அந்தக் குரலுக்கு நியாயாதிபதி திரும்பி நடந்தால் மிஞ்சியிருந்த அத்தனை பேரும் பின்னாலேயே நடந்திருப்பார்கள். திராட்சை கௌரவமான வழி. அப்படிப்பட்ட வழியைப் பற்றி நான் வாய் திறக்கக் கூடாது. இனி வருவதெல்லாம் நாராள் சொன்னது.)

5

அவர் தோட்டத்துக்கு ஏறி வந்தபோது அவள் சாய்ந்த கொடியைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன, சண்டை முடிஞ்சுதா?"

"ஆரம்பிக்கவே இல்ல. ஒரு காய் பறிச்சுக் குடு."

"புளிக்குமே. இன்னும் ஒரு மாசம் கெடக்கு."

"புளிச்சா நான் வீட்லயே இருக்கலாமாம்."

அவள் கொடி கொடியாகத் தேடினாள். வெயில் படாத பக்கம், இலைக்கு அடியில், கல் மாதிரி இருந்த ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தாள். 'தோட்டத்துலயே அதவிடப் புளிப்பு கெடையாது' என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

அவர் அதை உருட்டிப் பார்த்தார். "பயமா இருக்கு நாரா."

"அப்ப இருங்க."

கொஞ்சநேரம் வானத்தைப் பார்த்து நின்றார். வழக்கம்போல ஒரு குரலும் இல்லை. வாயில் போட்டு மென்றுகொண்டே இறங்கினார். தோட்டத்துச் சுவர் வரை அவள் பின்னாலேயே ஓடினாள்.

கீழே நின்றவர்களிடம் அவர் சொன்னது ஒரே சொல்.

"இனிக்குது."

6

பொழுது சாய்வதற்குள் அம்மோனியர் துறையைத் தாண்டி ஓடினார்கள். பிடித்துப்போன பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். மல்கியேல் திரும்பவில்லை.

ஒரு மாதத்தில் திராட்சை பழுத்தது. முதல் குலையை அறுத்துக்கொண்டு நாராள் என் வாசலுக்கு வந்தாள்.

"எனக்கு எதுக்கு அண்ணி?"

"நட்டவன் செத்துட்டா வேற எவனோ பழத்தத் தின்னுருவானேன்னுதானே சட்டம் கவலப்படுது? அந்த எவனோ நீயா இரு. அவருக்குத் தெரிஞ்சவனா இருக்கட்டும்."

நின்றுகொண்டே தின்றேன். பதினேழு அம்மோனியரைப் பற்றி நாற்பது வருடம் சொன்ன நான், இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

7

மூப்பர்களுக்கு ஒரு முடிவு பிடித்திருக்கிறது: புளிப்புக்காயைக் கர்த்தர் அவர் வாயிலேயே பழமாக்கினார், வாழ்நாளெல்லாம் பேசாதவர் அன்று அவர் நாக்கில் பேசினார்.

இன்னொரு முடிவும் உண்டு: காய் புளித்தது. பிசகாத வாய் ஒரேயொரு தடவை பிசகியது. அதற்காக அவர் உயிரைக் கொடுத்தார். அந்தப் பிசகில் பிழைத்தவர்களில் நானும் ஒருவன்.

நாராளிடம் கேட்டுவிட்டேன். "மெல்லும்போது அவர் மூஞ்சி எப்படி அண்ணி இருந்துச்சு?"

"என் பக்கம் திரும்பவே இல்லையே" என்றாள்.

ஆகவே, "மல்கியேல் மென்ற அந்தத் திராட்சை" என்று எழுதி, தோலில் இரண்டு விரல் இடம் விட்டிருக்கிறேன். பண்டிகையில் வாசிக்கும்போது அங்கே வந்ததும் நிறுத்துவேன். உங்களில் யாராவது எழுந்து, இனித்தது என்றோ புளித்தது என்றோ, அந்தச் சொல்லைச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனவன் அதைச் சொல்லக் கூடாது.