சார்ஜென்ட் தூங்குகிறான்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ரோவீனாவின் தொலைபேசி அடிக்கும். சிறையிலிருந்து வரும் அழைப்பு என்று பதிவு செய்த ஒரு குரல் சொல்லும். ஒன்றாம் எண்ணை அழுத்தினால் டேரில் வருவான். ஆறு நிமிடம். தம்பி அவளை நலம் விசாரிப்பதில்லை.

"சார்ஜென்ட் சாப்பிட்டானா?"

சார்ஜென்ட், டேரில் வளர்த்த தாடி ஓணான். கோபம் வந்தால் கழுத்து தாடிபோல உப்பிக் கறுத்துப்போகும். அந்த முறைப்புக்காகத்தான் சார்ஜென்ட் என்று பெயர். மதுக்கடையில் ஒருவனை அடித்து நொறுக்கியதற்காக டேரில் மூன்று வருடம் உள்ளே போனபோது கண்ணாடித் தொட்டியோடு அவள் வீட்டுக்கு வந்தது.

போன வருடம் டேரில் படுக்கை விரிப்பைக் கிழித்து ஒரு காரியம் செய்யப் பார்த்தான். பிழைத்தபிறகு பேசினான். "சார்ஜென்டை யாரு பார்த்துப்பான்னு கடைசி நேரத்துல தோணிச்சு ரோ. அதான் கத்திட்டேன்." அன்றிலிருந்து ஒரு நாள்கூட அவள் ஓணானைப் பட்டினி போட்டதில்லை. பெட்ரோல் நிலையம் நடத்தும் மெர்வ் கிழவனிடம் உயிரோடு வெட்டுக்கிளி வாங்கி, சுண்ணாம்புச் சத்துப் பொடியில் குலுக்கிப் போடுவாள். கீரையைப் பொடியாக நறுக்கி வைப்பாள். மெர்வும் வீட்டில் நான்கு ஓணான் வளர்க்கிறவன்.

"உன் தம்பிக்கு உள்ள இப்படியா போடுறாங்க? பேசாம இவன் தொட்டியில வந்து படுத்துக்கச் சொல்லு" என்பான்.

மார்ச் மாதத்தில் டேரில் கேட்டான். "தொட்டி மேல இருக்கிற நீள விளக்கை மாத்திட்டியா? ஆறு மாசமாச்சு."

"மாத்திடறேன்."

போய்ப் பார்த்தாள். விளக்கு நன்றாகவே எரிந்தது. ஒரு சிமிட்டல்கூட இல்லை. ஒரு திருகாணியைக்கூட ஜாம் புட்டியில் போட்டு வைக்கிற ஊர் அது. எரிகிற விளக்கைக் கழற்றிக் குப்பையில் போட அவளுக்குக் கை வரவில்லை. அடுத்த ஞாயிறு, "மாத்திட்டேன்" என்றாள்.

பூமியின் தென்பாதியில் இருக்கிற அந்த ஊரில் ஏப்ரலில் குளிர் தொடங்கும். சார்ஜென்ட் சாப்பிடுவதை நிறுத்தியது. மரப்பட்டைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

"குளிர் வருதில்ல, தூங்கப் போறான்" என்றான் மெர்வ். "என்னோடது நாலும் படுத்திருச்சு. எழுப்பித் தொலைக்காதே."

டேரிலும் அதையே சொன்னான். "செப்டம்பர்ல எழுந்திருப்பான். எழுந்ததும் உன் விரலையே தின்னுடுவான், பாரு."

தூங்குகிறதை எழுப்பக்கூடாது. அவள் எழுப்பவில்லை. சில நாள் அதன் கால்விரல்கள் துடித்தன. கனவு காண்கிறது என்று நினைத்தாள்.

ஜூனில் ஒரு காலை, மூடியைத் திறந்ததும் நாற்றம் வந்தது. துண்டில் சுற்றி மெர்விடம் எடுத்துப் போனாள். அவன் கட்டைவிரலால் தாடையை அழுத்தினான். ரப்பர் போல வளைந்தது.

"விளக்கு எப்ப மாத்தினே?"

"எரிஞ்சுட்டுதானே இருக்கு?"

மெர்வ் அவளைப் பார்க்காமல் துண்டை மூடினான். "வெளிச்சம் வரும்மா. எலும்புக்கு வேணுங்கிற கதிர் எப்பவோ நின்னுபோயிருக்கும். நாமதான் தூங்குதுன்னு சும்மா இருந்துட்டோம்."

கொல்லையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் புதைத்தாள். அந்த ஞாயிறு தொலைபேசி அடித்தது.

"தூங்குறானா?"

"தூங்குறான்."

ஜூலை முழுக்கத் தூங்கியது. ஆகஸ்ட் முழுக்கத் தூங்கியது. டேரிலுக்குச் சிறைச் சமையலறையில் வேலை கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் சிரிக்கவும் செய்தான். செப்டம்பர் பிறந்ததும் வேலிக் கம்பங்களின் மேல் காட்டு ஓணான்கள் ஏறி வெயில் காய ஆரம்பித்தன. வேலைக்குப் போகிற வழியெல்லாம் அவை உட்கார்ந்திருந்தன. ரோவீனா சாலையை மட்டும் பார்த்து ஓட்டினாள்.

"எழுந்துட்டானா?"

எழவில்லை என்று இரண்டு ஞாயிறு சமாளித்தாள். மூன்றாவது ஞாயிறு அவன் குரல் இறங்கியிருந்தது. "இவ்வளவு நாள் தூங்கமாட்டானே ரோ. ராத்திரியெல்லாம் அதே நினைப்பு. கண்ணை மூட முடியல."

"எழுந்துட்டான்" என்றாள். "இப்பதான்."

"நிஜமாவா? வெட்டுக்கிளி போடு. போனைக் கிட்டக்க வை. அவன் கடிக்கிற சத்தத்தைக் கேக்கணும்."

தட்டில் காலை ரொட்டியின் காய்ந்த ஓரம் கிடந்தது. அவள் அதை எடுத்தாள். தொலைபேசியை வாயருகே பிடித்துக்கொண்டு கடித்தாள். நொறுக். இன்னொரு முறை. நொறுக்.

அந்தப் பக்கம் டேரில் சிரித்தான். "பன்னி! தின்கிற சத்தத்தைப் பாரு!" பிறகு வேறு யாரையோ கூப்பிட்டான். "டேய் வேய்ன், இங்க வாடா, இதைக் கேளு! அஞ்சு மாசம் தூங்கி எழுந்திருக்கான் என் பையன். ரோ, இன்னொண்ணு போடு!"

வாயிலிருந்த ரொட்டியை அவளால் விழுங்க முடியவில்லை. துப்பினாள்.

"டேரில், அது நான்."

"என்னது?"

"நான்தான் கடிச்சேன். ரொட்டி. சார்ஜென்ட் ஜூன்லயே செத்துட்டான்."

பின்னால் கதவுகள் சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிடம்தான் மீதி என்று சொல்கிற மணி ஒலித்தது.

"எப்படி?"

"விளக்கு. நான் மாத்தல. மாத்தினேன்னு பொய் சொன்னேன். எரிஞ்சுட்டு இருந்துச்சு டேரில். நல்லா எரிஞ்சுட்டு இருந்துச்சு."

தொடர்பு அறுந்தது.

உடனே சிறைக்குப் பேசினாள். அவனைக் கவனித்துக்கொள்ளச் சொன்னாள். குறித்துக்கொண்டோம் என்றார்கள். அடுத்த ஞாயிறு தொலைபேசி அடிக்கவில்லை. திங்கள் காலை மறுபடி பேசினாள். பத்து நிமிடம் காத்திருக்க வைத்தபின் ஒருவர் வந்தார். "இருக்காரும்மா. வேலைக்குப் போறதில்ல. ஆனா இருக்கார். வேற எதுவும் நாங்க சொல்லக்கூடாது."

அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறு, பத்து மணிக்கு, அடித்தது. ஒன்றை அழுத்தினாள். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க புதைச்சே?"

"தண்ணித் தொட்டிக்குப் பக்கத்துல."

"நிழலா இருக்குமே அங்க."

"காலையில வெயில் வரும்."

"நாய் தோண்டிடப் போவுது. கல்லு வெச்சியா?"

"வெச்சேன்."

அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. இணைப்பைத் துண்டிக்கவும் இல்லை. மீதி நான்கு நிமிடமும் அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்து, அவன் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.